லெஸ்ஸிங்கின் சம்பளம்

வோல்ஃபன்ப்யூட்டல் என்ற பெயரைச் சொன்னால் ஜெர்மனியில் பலருக்கு யெகர்மைஸ்டர் பாட்டில்தான் ஞாபகம் வரும். அது தயாராகிற ஊர். நான் வசிக்கும் பிரவுன்ஷ்வைக்கில் ரயிலேறினால் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறேன், அந்த ஊரில் இறங்கியதே இல்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வீட்டில் ஒரு வாக்குவாதம் முடிந்த கையோடு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனேன்.

வாக்குவாதம் என் வேலையைப் பற்றி. பகலில் மென்பொருள் எழுதுகிறேன். மூன்று வருஷமாக ராத்திரியில் வேறொரு வேலையும் நடக்கிறது. சின்னச் சின்ன கம்பெனிகளின் பயனர் கையேடுகளைத் திருத்தித் தருவது, அவர்கள் இணையதளத்தில் என்ன எழுதவேண்டும், எதை முதலில் சொல்லவேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது, ஊரில் ஒரு பதிப்பகத்துக்குத் தமிழ்ப் பிரதிகளைச் செம்மைப்படுத்துவது. வெளிநாட்டினர் அலுவலகத்தில் அனுமதி கேட்டு வாங்கித்தான் இதைத் தொடங்கினேன். முன்பெல்லாம் என் விசா அட்டையோடு வந்த துணைத்தாளில் சுயதொழிலுக்கு அனுமதி இல்லை என்று அச்சடித்திருப்பார்கள். இப்போது நிரந்தர வதிவிட உரிமை கிடைத்துவிட்டது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. பூட்டு கழன்றுவிட்டது, பயம்தான் கழலவில்லை. வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாமா என்று கேட்டேன். திருச்சியில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக் கடனை யார் அடைப்பது என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் இல்லாததால்தான் ரயிலேறினேன்.

அந்த ஊரில் பெரிய நூலகம் ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஒரு வீடு, லெஸ்ஸிங் வீடு என்று பெயர். கோட்ஹோல்ட் எஃப்ராயிம் லெஸ்ஸிங். இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியும். மேல்வகுப்பில் பல பள்ளிகளில் 'நாதான் டெர் வைஸ' நாடகத்தைப் பாடமாக வைக்கிறார்கள். ரெக்லாம் பதிப்பகத்தின் மஞ்சள் அட்டைக் குட்டிப் புத்தகம் உங்கள் மகளின் பையிலும் கிடக்கலாம். நானோ வயசான பிறகு, ஜெர்மன் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் படித்தேன். யாரிடமும் வேலை பார்க்காமல் எழுத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முயன்ற ஆரம்பகால ஜெர்மன் எழுத்தாளர்களில் அவரைத்தான் முதலில் சொல்வார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

லெஸ்ஸிங் பிறந்தது 1729 ஜனவரி 22, சாக்சனியில் காமென்ஸ் என்ற சின்ன ஊரில். அப்பா பாதிரியார். நிறையப் பிள்ளைகள், குறைந்த வருமானம். பையன் படிப்பில் சுட்டி என்பதால் மைசன் நகரத்தில் ஒரு புகழ்பெற்ற விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். 1746ல் லைப்சிக் பல்கலைக்கழகம். இறையியல் படித்து அப்பா மாதிரி பாதிரியாராக வேண்டும் என்பது வீட்டுத் திட்டம். நம் வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு திட்டம் போடுவார்களே, அதே மாதிரி. யாரும் பையனைக் கேட்டதில்லை.

லைப்சிக்கில் அவர் கரோலினா நொய்பரின் நாடகக் குழுவோடு ஒட்டிக்கொண்டார். 1748 தொடக்கத்தில் அவர் எழுதிய முதல் நாடகத்தை அந்தக் குழு மேடையேற்றியது. வயது பத்தொன்பதுகூட முழுசாக ஆகவில்லை. செய்தி ஊருக்குப் போனது. அதிலும் அம்மாவை ரொம்ப நோகடித்தது, வீட்டிலிருந்து அனுப்பிய கிறிஸ்துமஸ் ஸ்டொல்லனைப் பையன் கூத்தாடிகளோடு உட்கார்ந்து ஒயினோடு தின்றான் என்ற தகவல். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று அப்பா பொய்க் கடிதம் போட்டுப் பையனை ஊருக்கு வரவழைத்தார். கடுங்குளிரில் வந்து சேர்ந்தவரைப் பார்த்து அம்மாவே அழுதுவிட்டாராம். என் அம்மா விடுதிக்கு அனுப்பிய முறுக்கு டப்பாவை யார் யார் காலி செய்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் எனக்கும் ஒரு தந்தி வந்திருக்கும்.

திரும்பவும் லைப்சிக் போனார். நாடகக்காரர்கள் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர்கள் ஊரைவிட்டுப் போனதும் கடன்காரர்கள் இவர் பின்னால் வந்தார்கள். 1748 கடைசியில், கையில் காசில்லாமல், நல்ல சட்டைகூட இல்லாமல் பெர்லினில் போய் இறங்கினார். படிப்பை முடிக்கவில்லை.

பெர்லினில்தான் அந்த வாழ்க்கை ஆரம்பித்தது. உறவுக்காரரும் நண்பருமான மிலியுஸ் அங்கே ஒரு செய்தித்தாளில் இருந்தார். அந்தப் பத்திரிகை முதலாளியின் வீட்டு நூலகத்தை ஒழுங்குபடுத்தித் தரும் வேலை கிடைத்தது. பிறகு புத்தக மதிப்புரை. 1751ல் அந்தப் பத்திரிகையின் மதிப்புரைப் பக்கத்துக்கே பொறுப்பானார். கூடவே மொழிபெயர்ப்பு. பிரெஞ்சு, ஆங்கிலம், இத்தாலியன், ஸ்பானிஷ் என்று எது வந்தாலும் செய்தார். தவணைக்கு எழுது, வந்த வேலையை எடு, அடுத்த வேலையைத் தேடு. இன்றைக்கு ஃப்ரீலான்ஸர் என்று சொல்கிறவர்களின் நாட்குறிப்பும் அவருடையதும் ஒன்றுதான், ஒரு வித்தியாசம் தவிர. அந்தக் காலத்தில் எழுதுவதற்குக் காசு கேட்பதே கௌரவக் குறைச்சல். எழுத்தாளன் என்றால் பேராசிரியராகவோ பாதிரியாராகவோ அரசு அதிகாரியாகவோ இருக்கவேண்டும், எழுத்து ஓய்வு நேரத்தில். பதிப்பாளர் ஒருமுறை ஏதோ ஒரு தொகையைக் கொடுத்துப் பிரதியை வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் விற்றாலும் எழுதியவனுக்கு ஒரு காசு வராது.

இந்த நாட்களில் ஒரு தப்பும் பண்ணினார். வோல்டேர் அப்போது பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக்கின் விருந்தாளி. அவருடைய வழக்கு ஆவணங்களை ஜெர்மனில் மொழிபெயர்க்கும் வேலை லெஸ்ஸிங்குக்கு வந்தது. அந்தப் பழக்கத்தில், வோல்டேர் எழுதி இன்னும் பரவலாக வெளிவராத ஒரு நூலை அவர் செயலாளரிடம் இரவல் வாங்கினார். படித்து முடிக்காமலே அதையும் எடுத்துக்கொண்டு விட்டன்பர்க் போய்விட்டார். வோல்டேர் கொதித்துப் போனார், திருட்டு என்றே பேசினார். நூல் திரும்பி வந்துவிட்டது, ஆனால் பெயர் கெட்டது. பல வருஷம் கழித்து பெர்லின் அரச நூலகர் பதவிக்கு லெஸ்ஸிங்கின் பெயரை நண்பர்கள் முன்வைத்தபோது மன்னர் மறுத்தார். இந்தப் பழைய கதையும் ஒரு காரணம் என்பார்கள். வாடிக்கையாளரின் கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்று ரகசிய ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்துப் போடுகிறோமே, அதில்லாத காலம்.

விட்டன்பர்கில் ஒரு முதுகலைப் பட்டத்தை முடித்துக்கொண்டு 1752 கடைசியில் மறுபடி பெர்லின். இந்தத் தடவை நல்ல சேர்க்கை கிடைத்தது. 1754ல் மோசஸ் மெண்டல்ஸோனைச் சந்தித்தார். சதுரங்கம் ஆட ஆள் என்று யாரோ அறிமுகம் செய்துவைத்தது. மெண்டல்ஸோன் ஒரு பட்டு வியாபாரியின் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, பிறகு கணக்குப் பார்த்து, ராத்திரியில் தத்துவம் படித்த யூதர். யூதர்கள் பெர்லினில் வசிக்கவே தனி அனுமதி வேண்டியிருந்த காலம். நம் துணைத்தாள் நினைவுக்கு வருகிறதா? அதைவிடப் பல மடங்கு மோசம். மெண்டல்ஸோனின் முதல் ஜெர்மன் நூலை, அவரிடம் சொல்லாமலே, அச்சுக்குக் கொடுத்தவர் லெஸ்ஸிங். இரண்டு பேரும் ஒரே வயது. சாகும்வரை நண்பர்கள். புத்தக வியாபாரி நிக்கோலாயும் சேர்ந்துகொள்ள, மூவருமாக 1759ல் புதிய இலக்கியம் பற்றிய கடிதங்கள் என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். ஜெர்மன் நாடகம் பிரெஞ்சு நாடகத்தைப் பார்த்துக் காப்பியடிப்பதை விட்டுவிட்டு ஷேக்ஸ்பியரைப் பார்க்கவேண்டும் என்று லெஸ்ஸிங் அதில்தான் எழுதினார். அக்காலத்துப் பெரிய இலக்கிய அதிகாரியான கோட்ஷெட்டை நேருக்கு நேர் சாடினார். சம்பளம் கொடுக்கிற எஜமான் இல்லாதவர் என்பதால் எழுத முடிந்தது.

அதே சமயம் பணம் எப்படி நின்றது என்பதையும் சொல்லவேண்டும். 1756ல் லைப்சிக் வியாபாரி வின்க்லர் என்ற இளைஞர், பல வருஷம் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கத் துணையாக வாருங்கள், சம்பளம் தருகிறேன் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். ஆம்ஸ்டர்டாம் வரை போனார்கள். ஏழாண்டுப் போர் வெடித்தது. வின்க்லர் பயணத்தை ரத்து செய்தார், பேசிய பணத்தையும் தரவில்லை. லெஸ்ஸிங் வழக்குப் போட்டார். பல வருஷம் இழுத்துத் தீர்ப்பு இவர் பக்கம் வந்தது. வழக்குச் செலவு போகக் கையில் நின்றது கொஞ்சம்தான். இதைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது. எனக்கும் ஒரு நிறுவனம் நாற்பது பக்கக் கையேட்டுக்கு இன்னும் பணம் தரவில்லை. பெயர் வேண்டாம். மூன்று நினைவூட்டல் கடிதம் போட்டாச்சு, நீதிமன்றத்தில் பண உத்தரவு கேட்டு விண்ணப்பிக்க இங்கே எளிய வழி இருக்கிறது என்று தெரியும், ஆனாலும் கை வரவில்லை.

1760ல் ஒருநாள் நண்பர்களிடம்கூடச் சரியாக விடைபெறாமல் பெர்லினை விட்டு பிரெஸ்லாவுக்குப் போனார். இன்றைக்குப் போலந்தில் இருக்கும் விரோட்ஸ்வாஃப். அங்கே டௌவென்ட்ஸீன் என்ற தளபதிக்குச் செயலாளர். நல்ல சம்பளம், பழக்கமில்லாத வசதி. ராத்திரி சீட்டாட்டம். ஊருக்குப் பணம் அனுப்பினார். மீதிக்கெல்லாம் புத்தகம் வாங்கினார், சுமார் 6,000 சேர்ந்தது. சம்பளம் வந்த நாட்களில்தான் லவோக்கோனுக்கும் மின்னா ஃபொன் பார்ன்ஹெல்முக்கும் வேண்டிய படிப்பும் சரக்கும் சேர்ந்தன. சம்பளம் என்றால் எழுத்து செத்துவிடும் என்று பேசுபவர்கள் இந்த ஐந்து வருஷத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனாலும் 1765ல் அதையும் விட்டார். ஏன் விட்டார் என்று நான் யோசித்துப் பார்த்தேன். முப்பத்தாறு வயது. என் வயது.

அடுத்தது ஹம்பர்க். எனக்கு லெஸ்ஸிங் கதையிலேயே ரொம்பப் பிடித்ததும், ரொம்பக் கவலை தந்ததும் இந்த அத்தியாயம்தான்.

ஹம்பர்க் வியாபாரிகள் சிலர் சேர்ந்து, அரசவை தயவில்லாமல், ஜெர்மன் மொழிக்கென்று ஒரு தேசிய நாடக அரங்கம் தொடங்கினார்கள். 1767 ஏப்ரல் 22 அன்று கேன்ஸமார்க்டில் திறப்பு. லெஸ்ஸிங்குக்கு வருஷம் 800 தாலர். முதலில் அரங்கத்துக்கு நாடகம் எழுதித்தரக் கேட்டார்கள். தேதி சொல்லி நாடகம் எழுத என்னால் ஆகாது என்று மறுத்தார். அதற்குப் பதில் ஒரு பத்திரிகை நடத்த ஒப்புக்கொண்டார். வாரம் இரண்டு இதழ், எந்த நாடகத்தைப் போடுகிறார்கள், ஏன், எங்கே நன்றாக இருந்தது, எங்கே சொதப்பியது, பார்வையாளர் எதைக் கவனிக்கவேண்டும் என்று எழுதுவது. ஹம்பர்கிஷ டிராமட்டுர்கி என்று பெயர். இன்றைக்கும் ஜெர்மன் நாடக அரங்கங்களில் டிராமட்டுர்க் என்று ஒரு பதவி இருக்கிறதே, அது அவரிடமிருந்து வந்தது. என் தொழிலில் இதைக் கண்டென்ட் ஸ்ட்ராட்டஜி என்கிறார்கள். கம்பெனி மீட்டிங்கில் அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். 1767ல் ஒருத்தர் இதைச் செய்திருக்கிறார் என்று தெரிந்தபிறகு கூச்சம் குறைந்தது.

நடிகர்களைப் பற்றி உள்ளதை எழுதினார். முக்கிய நடிகை ஒருவருக்குக் கோபம் வந்தது. அதற்குப் பிறகு நடிப்பைப் பற்றி எழுதுவதையே நிறுத்திக்கொண்டு, நாடகங்களைப் பற்றி மட்டும் எழுதினார். வாடிக்கையாளரின் ஆட்களைப் பற்றி உண்மை சொன்னால் என்ன ஆகும் என்று நமக்கும் தெரியும்.

அதைவிடப் பெரிய அடி திருட்டு அச்சு. இதழ் வந்த சூட்டோடு வேறு ஊரில் அப்படியே அச்சடித்து மலிவாக விற்றார்கள். அப்போது ஜெர்மனி ஒரே நாடு இல்லை, நூற்றுக்கணக்கான சமஸ்தானங்கள். ஒரு சமஸ்தானம் கொடுத்த அச்சுரிமை அடுத்த எல்லையில் செல்லாது. லண்டனில் நிஜமாகவே இருந்த டாட்ஸ்லி என்ற பதிப்பாளரின் பெயரைப் போலியாகப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் இவர் இதழைத் திருடியது. தனித்தனி இதழாக வெளியிடுவதை நிறுத்தினார், தொகுத்துத் தொகுத்து வெளியிட்டார். 104 எண்ணோடு 1769ல் முடிந்தது. கடைசி இதழில் அந்த டாட்ஸ்லி கூட்டத்தை வெளுத்து வாங்கினார். அதற்குள் அரங்கமே மூடிவிட்டது.

கூடவே இன்னொரு பரிசோதனை. போட என்ற நண்பரோடு சேர்ந்து சொந்த அச்சகம். எழுத்தாளனே அச்சடித்து, இடைத்தரகர் இல்லாமல் விற்பது என்று கணக்கு. இன்றைக்குச் சுயபதிப்பு என்று சொல்கிறோம். புத்தக வியாபாரிகள் அனுசரித்துப் போகவில்லை, விற்பனை வழி தெரியவில்லை, முதல் முழுகியது. பிரெஸ்லாவில் ஆசை ஆசையாகச் சேர்த்த அந்த நூலகத்தை விற்றார். இதை எழுதும்போதுகூட வயிற்றை என்னமோ செய்கிறது. ஐந்து வருஷச் சம்பளமும் அலமாரி அலமாரியாகப் போய்ச்சேர்ந்தது. அப்படியும் கடன் தீரவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து அவர் ஒரு சிறு கட்டுரை எழுதத் தொடங்கினார். வாழு, வாழவிடு என்று தலைப்பு. எழுத்தாளருக்கும் புத்தக வியாபாரிக்கும் ஒரு திட்டம். மூளை உழைப்பிலிருந்து முடிந்தவரை வருமானம் எடுக்க எழுதுகிறவனுக்கு உரிமை உண்டு, கைவேலைக்காரன் கூலி கேட்டால் குறையில்லை, இவன் கேட்டால் மட்டும் என்ன குறை என்பது அதன் சாரம். வாசகரிடம் முன்பணம் வாங்கி, எழுதியவரும் அச்சடித்தவரும் விற்றவரும் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்று வழியும் சொன்னார். அது அவர் காலத்தில் அச்சேறவில்லை. இறந்து ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து, 1800ல் வெளிவந்தது. திருட்டு அச்சுக்கு எதிராகப் பிரஷ்யாவில் சட்டம் வந்தது 1837ல்.

நாற்பத்தோரு வயதில் தோற்றுப்போய் வோல்ஃபன்ப்யூட்டல் வந்தார். பிரவுன்ஷ்வைக் சிற்றரசின் நூலகத்துக்கு நூலகர். வருஷம் 600 தாலர், இருக்க இடம், விறகு. ஹம்பர்க்கைவிட 200 குறைவு. அதே வருஷம் 1770ல் அப்பா இறந்தார். அவர் வைத்துவிட்டுப் போன கடனையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். மூத்த பிள்ளை. நமக்குத் தெரியாத கதையா!

அரசவை பிரவுன்ஷ்வைக்குக்குப் போய்விட்டதால் அப்போது வோல்ஃபன்ப்யூட்டல் ஆளரவமில்லாத ஊர். காலியான அரண்மனையில் தனியாகக் குடியிருந்தார். ஹம்பர்க்கில் பழகிய நண்பர் ஒருவர் இறந்துபோக, அவர் மனைவி ஏவா கோனிக், பிள்ளைகளோடும் கணவரின் வியன்னாத் தொழிற்சாலைகளோடும் தனியே நின்றார். 1771ல் லெஸ்ஸிங்கும் ஏவாவும் திருமணம் பேசிக்கொண்டார்கள். அந்தத் தொழிலை முடித்துக் கடன் இல்லாமல் வெளியே வர ஏவாவுக்கு வருஷங்கள் ஆயின. இவருக்கோ குடும்பம் நடத்தும் வருமானம் இல்லை. கடிதம், கடிதம், கடிதம். 1775ல் ஒருவழியாக அவரைப் பார்க்க வியன்னா போனார். அங்கே வந்த பிரவுன்ஷ்வைக் இளவரசர் ஒருவர், இத்தாலிக்குத் துணைக்கு வா என்றார். எஜமான் வீட்டுப் பிள்ளை, மறுக்க முடியுமா? சில வாரம் என்று சொன்ன பயணம் பல மாதம் ஓடியது. இருவரும் போட்ட கடிதங்கள் போய்ச்சேரவில்லை. சம்பளம் என்றால் இதுவும் சேர்த்திதான். திரும்பி வந்து, வேலையை விட்டுவிடுவேன் என்ற பேச்சு எழுந்தபிறகு சம்பளத்தைக் கூட்டி, ஹோஃப்ராட் என்று ஒரு பட்டமும் கொடுத்தார்கள். அப்ரைசல் எப்போதும் இப்படித்தான் வருகிறது. 1776 அக்டோபரில் ஹம்பர்க் பக்கத்தில் யோர்க் கிராமத்தில் கல்யாணம். அவருக்கு 47, ஏவாவுக்கு 40.

1777 டிசம்பரில், நான் போய் நின்ற அந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று மகன் பிறந்தான். ஒரு நாள்கூட முழுசாக இல்லை. ஜனவரி 10ல் ஏவாவும் போய்விட்டார். அந்த நாட்களில் நண்பர் எஷன்பர்குக்கு அவர் எழுதிய சின்னக் கடிதங்கள் ஜெர்மனியில் பிரபலம். துக்கத்தை நக்கலாக எழுதியிருப்பார். நான் அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அந்த வீட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். என் மகள் பிறந்தபோது பிரவுன்ஷ்வைக் மருத்துவமனையில் ஒரு ராத்திரி முழுக்க நடந்த நடைபாதை ஞாபகத்துக்கு வந்தது. வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டேன். காலையில் போட்ட சண்டையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

ஏவா இறந்த அதே வருஷம்தான் அவர் வாழ்க்கையின் மிகப்பெரிய சண்டை. ரைமாருஸ் என்ற ஹம்பர்க் அறிஞர், பைபிளைப் பகுத்தறிவோடு விசாரித்து எழுதிய கையெழுத்துப் பிரதி ஒன்றை வெளியிடப் பயந்து பூட்டியே வைத்திருந்து இறந்தார். குடும்பத்தாரிடமிருந்து அதை வாங்கிய லெஸ்ஸிங், பெயர் தெரியாத ஒருவருடையது, நூலகத்தில் கண்டெடுத்தேன் என்று சொல்லி 1774 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். நூலகப் பொக்கிஷங்களை வெளியிடத் தணிக்கை கிடையாது என்று அவருக்கு விலக்கு இருந்தது. எழுதியவரோடு அவரும் எல்லாவற்றிலும் உடன்படவில்லை. ஆனால் விவாதம் நடக்கவேண்டும் என்று நினைத்தார். ஹம்பர்க் தலைமைப் பாதிரியார் கோட்ஸ பாய்ந்தார். லெஸ்ஸிங் 1778ல் பதினொரு துண்டு நூல்களில் பதிலடி கொடுத்தார். மனைவி இறந்த சில மாதங்களுக்குள் அப்படி ஒரு கூர்மை. ஜூலையில் சிற்றரசர் விலக்கைப் பிடுங்கினார். இனி மதம் பற்றி அனுமதியில்லாமல் எதுவும் அச்சிடக்கூடாது. வேலையை எடுக்கவில்லை, வாயை எடுத்தார்கள்.

அப்போதுதான் பழைய ஃப்ரீலான்ஸர் திரும்பி வந்தார். பிரசங்க மேடை மூடினால் நாடக மேடை இருக்கிறது. ஆகஸ்டில் ஒரு நாடகம் எழுதப்போவதாக அறிவித்து, வாசகர்களிடம் முன்பதிவு கேட்டார். நம்மூரில் கையொப்பம் என்பார்கள். உ.வே.சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது தமிழன்பர்களிடம் வாங்கினாரே, அதே முறை. பாரதியும் கடைசிக் காலத்தில் தன் எழுத்தையெல்லாம் அச்சிட நண்பர்களிடம் பணம் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார், அது கைகூடவில்லை. லெஸ்ஸிங்குக்குக் கைகூடியது. எழுதி முடிக்கும்வரை சாப்பாட்டுக்கு ஹம்பர்க்கைச் சேர்ந்த ஒரு யூத வியாபாரி கடன் கொடுத்தார். 1779ல் நாதான் வந்தது.

சிலுவைப் போர்க்கால ஜெருசலேம். சுல்தான் சலாதீன், யூத வியாபாரி நாதானிடம் எந்த மதம் உண்மை என்று கேட்கிறார். சுற்றி வளைத்துப் பார்த்தால் அது ஒரு பொறி, எப்படிப் பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்வார். நாதான் ஒரு கதை சொல்கிறார். மூன்று மகன்களையும் ஒரேபோல் நேசித்த அப்பா, தன்னிடமிருந்த அதிசய மோதிரத்துக்கு இரண்டு நகல் செய்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போகிறார். எது அசல் என்று பிள்ளைகள் வழக்குக்குப் போகிறார்கள். மோதிரத்தின் குணம் அணிந்தவனைப் பிறர் நேசிக்கவைப்பது, அப்படி வாழ்ந்து காட்டுங்கள் என்று நீதிபதி அனுப்பிவிடுகிறார். நாதானைப் படைக்கும்போது மெண்டல்ஸோனை மனதில் வைத்திருந்தார் என்பார்கள். நாஜிகள் 1933ல் பொது மேடைகளிலிருந்து இந்த நாடகத்தை விலக்கினார்கள். போர் முடிந்து 1945 செப்டம்பரில் பெர்லினின் டாய்ச்சஸ் தியேட்டர் திறந்தபோது முதலில் போட்டது இதைத்தான்.

அவர் அதை மேடையில் பார்க்கவில்லை. முதல் அரங்கேற்றம் 1783ல். 1781 பிப்ரவரி 15 அன்று, பிரவுன்ஷ்வைக் வந்திருந்த இடத்தில், 52 வயதில் இறந்துபோனார். அடக்கச் செலவை அரசுதான் ஏற்றது. மாக்னி கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். என் அலுவலகத்திலிருந்து சைக்கிளில் போகும் தூரம். மதிய இடைவேளையில் ஒருநாள் போய்ப் பார்த்தேன்.

மஞ்சள் அட்டைப் புத்தகம் பற்றி ஒன்று விட்டுப்போனது. பழைய எழுத்தாளர்களின் பதிப்புரிமை 1867ல் காலாவதியானதும் ரெக்லாம் ஆரம்பித்த அந்த மலிவு வரிசையில் முதல் இரண்டு எண் கேதேயின் ஃபாவுஸ்ட். மூன்றாம் எண் நாதான். திருட்டு அச்சால் நொடித்துப்போன மனிதரின் புத்தகம், சட்டப்படியே யாருக்கும் ராயல்டி தராமல், இன்னும் விற்கிறது.

இன்றைக்கு இங்கே நிலைமை வேறு. எழுத்தாளர், பத்திரிகையாளர், மொழிபெயர்ப்பாளர் எல்லாரும், ஏன் எஞ்சினியரும்கூட, ஃப்ரைபெருஃப்லர் பட்டியலில் வருவார்கள். தொழில் வரி கிடையாது, கடை பதிவு கிடையாது, வரி அலுவலகத்தில் ஒரு படிவம் போதும். கலைஞர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் 1983லிருந்து தனிச் சமூகக் காப்பீடு இருக்கிறது. சேர்த்துக்கொண்டால் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீட்டுத் தொகையில் பாதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். லெஸ்ஸிங் விறகுக்காகப் போய்ச்சேர்ந்த இடம் இது. திருச்சி அம்மாவுக்குப் போனில் இதையெல்லாம் விளக்கினேன். எல்லாம் சரிடா, மாசா மாசம் ஒண்ணாந்தேதி பணம் வருமா என்று கேட்டார்.

வராது.

ஒரு நடுவழி யோசித்திருக்கிறேன். அலுவலகத்தில் வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. வரி அலுவலகப் படிவத்தை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நிரப்ப உட்கார்ந்தேன். முதல் வருஷம் எவ்வளவு லாபம் எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒரு கட்டம். ஒரு எண் போட்டேன். தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, அதில் ஒரு பூஜ்யத்தை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டு அனுப்பினேன்.